நாற்பத்தெட்டரை மில்லிமீட்டர்

எங்கள் ஆபீசுக்கு வருகிறவர்கள் பொதுவாக அழுதுகொண்டே வருவார்கள், இல்லாவிட்டால் கத்திக்கொண்டே வருவார்கள். அந்த அம்மாள் ஒரு காகித விமானத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

வகுப்பில் வாத்தியார் முதுகைப் பார்த்து விடுவோமே, அந்த ரகம் இல்லை. இரண்டு அடுக்கு இறக்கை, உருளும் சக்கரம், விமானி உட்காரக் குழி, குழிக்குள் நகத்தளவில் ஒரு நாற்காலி. எல்லாம் காகிதம். மஞ்சள் நிறம்.

அந்த மஞ்சளைப் பார்த்ததும் நான் அப்படியே நின்றுவிட்டேன். அதே விமானத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அப்போது அது விமானமாக இல்லை, எட்டுத் தாளாகத் தட்டையாகப் படுத்திருந்தது.

"வாலு, முழிச்சிட்டு நிக்காதே. நாற்காலியை எடுத்துப் போடு" என்றார் மேடம்.

வாலு என்றால் நான்தான். யாரைக் காட்டினாலும் அவர் பின்னாலேயே போவது என் உத்தியோகம், அதனால் அந்தப் பட்டம். மேடம் என் முதலாளி. துப்பறிய வருவதற்கு முன் இருபது வருஷம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகச் சேதம் அளந்தவர். இடிந்த சுவரோ, நசுங்கிய காரோ, முதலில் அளப்பார், அப்புறம்தான் வாயைத் திறப்பார். கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, ஒரு ஸ்டீல் ஸ்கேல் இருக்கும்.

வந்தவர் விமானத்தை மேஜையில் இறக்கினார்.

"நான் இந்தக் காகித விமானங்களை டிசைன் பண்றேங்க. தாள்ல அச்சடிச்சு, பெட்டியில போட்டு விக்கிறோம். வாங்கறவங்க வெட்டி, மடிச்சு, ஒட்டிக்கணும். இந்தக் கிட்டை நானே மூணு தடவை ஒட்டிப் பாத்துட்டுத்தான் வெளிய விட்டேன். மூணு தடவையும் கச்சிதமா உக்காந்துச்சு."

"அப்புறம் யார் கையில உக்காரல?"

"பல் டாக்டர் கையில."

காகித மாடல் ஒட்டுகிறவர்களுக்கு என்று மாதாமாதம் ஒரு சின்னப் பத்திரிகை வருகிறது. அதில் ஒரு பல் டாக்டர், 'ஒரே விமானம், இரண்டு பெட்டி' என்று எழுதுகிறார். ஒரே விமானத்துக்கு இரண்டு பேர் போட்ட கிட்டுகளை வாங்கி, இரண்டையும் ஒட்டி, மார்க் போடுவார். அவர் மார்க்தான் அந்த உலகத்தில் வேதவாக்கு. டிசைனர் அம்மாள் அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொண்டுவந்திருந்தார். மேடம் என்னிடம் நீட்டினார். நான் சத்தமாகப் படித்தேன்.

"'பெரிய கம்பெனி கிட்: பளபளப்பான தாள். மடித்த இடத்தில் வர்ணம் வெடித்து வெள்ளைக் கோடு தெரிகிறது. பசை பிடிக்க நேரமாகிறது. ஆனால் பாகங்கள் பொருந்துகின்றன. பத்துக்கு ஏழு. வீட்டுத் தயாரிப்பு கிட்: அருமையான தாள், வெடிக்காத வர்ணம், குழப்பாத வரைபடம். என்ன பிரயோஜனம்? மூக்கு உடம்புக்குப் போதவில்லை. இறக்கை துளைக்குள் லொடலொடக்கிறது. பத்துக்கு மூன்று. இது கிட் அல்ல, தண்டனை.'"

"நல்லாத்தான் திட்டறாரு" என்றார் மேடம். "பாதிப்பு?"

"பள்ளிக்கூடங்களுக்குச் சாமான் சப்ளை பண்ற கம்பெனி ஒண்ணு இந்தக் கிட்டை எடுத்துக்கறதா இருந்துச்சு. இதைப் படிச்சுட்டு யோசிக்கிறாங்க. இன்னிக்கு அஞ்சு மணிக்கு முடிவு சொல்றாங்களாம். ஆனா நான் வந்தது அதுக்கில்லீங்க." அவர் விமானத்தின் வாலைத் தொட்டுக்கொண்டே பேசினார். "டாக்டருக்குப் போன பெட்டியில தப்பான தாளை வெச்சது என் நாத்தனாரா இல்லையான்னு எனக்குத் தெரியணும்."

அச்சடிப்பது, சரிபார்ப்பது, பெட்டியில் அடுக்குவது மூன்றும் நாத்தனார் வேலையாம். டாக்டர் எழுதுவதற்கு இரண்டு வாரம் முன்னால் அதே பெரிய கம்பெனி அவளை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக வீட்டில் வந்து சொல்லியிருக்கிறாள்.

"அப்ப நம்பினேன். இதைப் படிச்சதும் நம்பல. 'அவங்களுக்கு விலை போயிட்டியா'ன்னு வாய்விட்டுக் கேட்டுட்டேன். அன்னிக்குச் சாயங்காலமே துணிப்பெட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டா. மூணு வாரமாச்சு. என் வீட்டுக்காரர் எங்கிட்ட முகம் குடுத்துப் பேசறதில்ல. தங்கச்சியாச்சே."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அந்தப் பாவம் எந்த இடம் என்று எனக்கு லேசாக ஒரு சந்தேகம் தட்டியது. உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு கேட்டைக் கண்காணிக்கிற வேலை எனக்கு. எதிரே பல் ஆஸ்பத்திரி. அதன் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கேட் நன்றாகத் தெரியும். ஒரு கடைவாய்ப் பல்லும் வலித்ததால் நோயாளியாகவே போய் உட்கார்ந்துவிட்டேன். அலமாரி முழுக்கக் காகித விமானம். நான் வாயைப் பிளந்து பார்த்ததும் டாக்டருக்குப் பரம சந்தோஷம், அவர் பார்க்கிற வாய்களில் தானாகத் திறந்தது அது ஒன்றுதான். தம்பி, தம்பி என்று ஒரே உபசாரம். கடைசியில் ஒரு கவரை நீட்டி, "தெருமுனைக் கடையில இந்த எட்டுத் தாளையும் கலர்ல நகல் எடுத்துட்டு வந்துடுங்களேன்" என்றார். இருபத்தைந்து நிமிஷம் கேட்டை அம்போ என்று விட்டுவிட்டுப் போனேன். ரிப்போர்ட்டில், 'பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை கேட் திறக்கவில்லை' என்று கூசாமல் எழுதினேன்.

மேடம் எதையும் மன்னிப்பார், பொய் ரிப்போர்ட்டை மன்னிக்கமாட்டார். எனக்கு முன்னால் இருந்த இரண்டு வால்கள் அறுந்தது அதனால்தான். ஆகவே நான் வாயைத் திறக்கவில்லை. நகல் எடுத்ததில் என்ன குடி முழுகிவிடப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

நாத்தனார் இப்போது விசிட்டிங் கார்டு அடிக்கிற ஒரு கடையில் வேலை பார்த்தாள். நாங்கள் போனபோது கார்டுகளைக் கட்டுக் கட்டாக அடுக்கி ஓரம் வெட்டிக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வயசு இருக்கும். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருப்பு.

"அண்ணி அனுப்பினாங்களா?"

"ஆமாம்மா" என்றார் மேடம்.

"அப்ப, துரோகம் பண்ணியான்னு கேக்க வந்திருக்கீங்க. கேளுங்க. சீக்கிரம் கேளுங்க, முதலாளி வந்துடுவாரு."

"நீ எப்படி வேலை செய்வேன்னு கேக்க வந்தேன்."

கத்தியின் கைப்பிடியிலிருந்து அவள் கை மெதுவாக இறங்கியது. அந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டிருக்கவில்லை போல. பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தாள். வீட்டை விட்டு வந்தபோதும் ஒரு தாளைக் கையோடு கொண்டுவந்திருக்கிறாள்.

"இந்த மூலையில ஒரு கோடு இருக்கு பாருங்க. அஞ்சு சென்டிமீட்டர் கோடு. எட்டுத் தாள்லயும் இருக்கும். அச்சானதும் ஸ்கேலை வெச்சு அளப்பேன். அம்பது மில்லிமீட்டர் இருந்தா அச்சு சரி. குறைஞ்சா மெஷின் படத்தைச் சுருக்கிடுச்சுன்னு அர்த்தம், அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுடுவேன். அளந்த தாள்ல, முதல் பாகத்துக்குப் பின்பக்கம் பென்சில்ல ஒரு டிக் போடுவேன்."

"பின்பக்கமா? எதுக்கு?"

"மூலையை எல்லாரும் வெட்டி எறிஞ்சிடுவாங்களே. பாகத்தை எறிய மாட்டாங்க. ஒட்டி முடிச்ச விமானத்துக்கு உள்ளகூட அந்த டிக் இருக்கும். யாராவது புகார்னு ஒரு துண்டை அனுப்பினாலும், அது நான் அளந்ததா இல்லையான்னு சொல்லிடுவேன்."

மேடம் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அது அவர் அகராதியில் பாராட்டு. எனக்கு இன்றுவரை கிடைக்காதது.

"இது உங்க அண்ணிக்குத் தெரியுமா?"

"அந்தக் கோட்டைப் போட்டதே அவங்கதான். 'அளந்தேன் அண்ணி, எல்லாம் அம்பது'ன்னு சொன்னேன். 'பதினெட்டு வருஷமா எழுதற டாக்டர் பொய் சொல்லுவாரா'ன்னு கேட்டாங்க. நாலு வருஷமா கூட நிக்கற நான் சொல்லுவேன் போல."

மேடம் தாளை வாங்கிப் புரட்டினார்: ஆறாவது தாள், முதல் பாகம் மூக்கு வளையம், பின்பக்கம் லேசான பழுப்பு. "சரி, மெஷின் எப்படிச் சுருக்கும்?"

அவள் மூலையிலிருந்த நகல் மெஷினைக் காட்டினாள். "எங்க தாள் சாதாரணத் தாளைவிட ஒரு விரல் பெரிசு. இதுல வெச்சா, 'ஓரம் வெட்டுப்படும், சுருக்கவா'ன்னு ஒவ்வொரு தடவையும் கேக்கும். வேண்டாம்னு அமுக்கணும். ஆமாம்னு அமுக்கினா நூத்துக்கு மூணு சுருங்கும். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. எட்டுத் தாளும் சுருங்கினாக்கூடப் பரவாயில்ல, கொஞ்சம் குட்டி விமானம் வரும், அவ்வளவுதான். பாதி சுருங்கி பாதி சுருங்கலேன்னாத்தான் வினை. உடம்பு ஒரு அளவு, மூக்கு ஒரு அளவு. எந்த மடையன் அப்படி எடுப்பான்?"

அந்த மடையன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. முதல் ஐந்து தாளுக்கும் மெஷின் அந்தக் கேள்வியைக் கேட்டது. ஐந்து தடவையும் பொறுமையாக 'வேண்டாம்' அமுக்கினேன். ஆறாவது தாளில் கடிகாரத்தைப் பார்த்தேன். கேட்டை விட்டு வந்து இருபது நிமிஷம். தொணதொணப்பு நின்றால் போதும் என்று 'ஆமாம்' அமுக்கினேன். ஏழுக்கும் எட்டுக்கும் அதே. மூன்று அமுக்கு. அந்த மூன்று அமுக்கில் ஒரு குடும்பம் இரண்டாகிவிட்டது.

அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் ஒரு கை தூரத்தில்தான் நின்றாள். சொல்லவில்லை.

காரில் ஏறியதும் மேடம் கேட்டார். "என்ன வாலு, காலையிலேர்ந்து ஒரு ஜோக்கும் வரல? உடம்பு சரியில்லையா?"

"பல் வலி மேடம்."

"நல்லதாப் போச்சு. பல் டாக்டர்கிட்டதான் போறோம்."

திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். கத்தவும் முடியாது, கடிவாயைத் தடவவும் முடியாது. கைக்குட்டையால் கன்னத்தோடு பாதி முகத்தைச் சேர்த்துக் கட்டிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் பகல் இடைவேளை. பல் டாக்டர் பல் பிடுங்குகிற இடுக்கியால் ஒரு காகிதச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, அதற்குக் கருப்பு மை தடவிக்கொண்டிருந்தார். வெட்டிய ஓரத்தில் வெள்ளை தெரிந்தால் அவருக்குப் பொறுக்காது. எங்களைப் பார்த்ததும் எழுந்தார். என்னைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார்.

"தம்பியை எங்கயோ பாத்த மாதிரி..."

"எல்லாருக்கும் முப்பத்திரண்டு பல்லுதானே டாக்டர். வாய்க்குள்ள பாத்தா எல்லாரும் ஒரே ஜாடைதான்" என்று கைக்குட்டைக்குள்ளிருந்து முனகினேன்.

மேடம் நேராக அலமாரிக்குப் போனார். பெரிய கம்பெனி விமானமும் வீட்டுத் தயாரிப்பு விமானமும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. இரண்டாவதன் மூக்கு, அப்பா சட்டையைப் போட்ட பிள்ளை மாதிரி உடம்புக்குள் தொளதொளவென்று இருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

"டாக்டர், பல்லுக்குப் பின்னாடி பாக்கறதுக்குக் குட்டிக் கண்ணாடி வெச்சிருப்பீங்களே, அதைக் குடுங்க."

"எதுக்குங்க?"

"இதுக்குச் சொத்தை இருக்கான்னு பாக்கத்தான்."

மூக்குக்கும் உடம்புக்கும் நடுவில் இருந்த இடுக்கில் கண்ணாடியை விட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆறாவது தாளோட முதல் பாகம் இந்த மூக்கு வளையம். உள்ள டிக் இல்ல. அதோட, அவங்க தாளுக்குப் பின்பக்கம் லேசாப் பழுப்பு. இது வெள்ளை வெளேர்னு இருக்கு. இது அவங்க தாளே இல்லையே?"

"அது நகல் தாள்மா" என்றார் டாக்டர் சாதாரணமாக. "அசலை நான் வெட்டறதில்ல. அதுக்கு மனசு வராது. நகலை வெட்டிட்டு அசலைப் பத்திரமா வெச்சுப்பேன். எங்க கூட்டத்துல பாதிப் பேர் அப்படித்தான்."

"அந்தப் பெரிய கம்பெனி விமானத்துல மட்டும் உள்ள அசல் தாள் தெரியுதே?"

"அவங்க ரெண்டு பெட்டி அனுப்புவாங்க. ஒண்ணை வெட்டலாம்."

"ஓஹோ. ஒருத்தரோட அசலையும் இன்னொருத்தரோட நகலையும் நிக்க வெச்சு மார்க் போட்டிருக்கீங்க. அதையும் ஒரு வரி எழுதியிருக்கலாமே."

டாக்டர் இருமினார். இழுப்பறையிலிருந்து அசல் தாள்களை எடுத்து வைத்தார். எட்டும் வெட்டுப்படாமல் முழுசாக இருந்தன. மேடம் ஒவ்வொன்றாகப் புரட்டினார். எட்டிலும் முதல் பாகத்துக்குப் பின்னால் மெல்லிய பென்சில் டிக். ஸ்டீல் ஸ்கேலை மூலையில் வைத்தார். எட்டும் ஐம்பது.

"அந்தப் பொண்ணு சொன்னது அப்படியே நிஜம்" என்றார். "அப்ப நகல்லதான் கோளாறு. யார் எடுத்தது?"

டாக்டர் நெற்றியைச் சொறிந்தார். "அது... யாரோ ஒரு பேஷண்ட்..."

அந்த இடத்தில் நான் தப்பித்திருக்கலாம். ஊரில் பல்வலிக்காரர்களுக்கா பஞ்சம்? ஆனால் அந்த எட்டு டிக்கும் மேஜையில் கிடந்து என்னையே பார்த்தன. மூன்று வாரத்துக் கருப்பு வளையம் போட்ட அந்தக் கண் ஞாபகத்துக்கு வந்தது. கைக்குட்டையை அவிழ்த்தேன்.

"நான்தான் மேடம்."

"என்ன நீதான்?"

"நகல் எடுத்தது. ஆறு, ஏழு, எட்டுக்கு 'ஆமாம்' அமுக்கினது. அந்தக் கேட் வேலை அன்னிக்கு, பதினொண்ணேகாலுக்கு."

மேடம் உட்கார்ந்தார். நோயாளி நாற்காலியில்தான் உட்கார்ந்தார், அதை அவர் கவனிக்கவில்லை.

"'பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை கேட் திறக்கவில்லை'ன்னு எழுதியிருந்தே."

"ஆமா மேடம்."

"நாத்தனாரைச் சந்தேகப்பட்டேன். பெரிய கம்பெனியைச் சந்தேகப்பட்டேன். வந்த அம்மாவையே கொஞ்சம் சந்தேகப்பட்டேன். பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கறவனைத்தான் சந்தேகப்படல வாலு."

திட்டியிருந்தால் தேவலை. நான்கு அறை விட்டிருந்தால் இன்னும் தேவலை. 

டாக்டர் முகத்தில்தான் ஒரு தெளிவு. "அடடா, இந்தத் தம்பிதானா! பரவாயில்ல, யானைக்கும் அடி சறுக்கும். தப்பான நகலைக் கொண்டாந்து குடுத்தா நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க? எனக்கு எப்படித் தெரியும்? தம்பி பேரைப் போட்டு அடுத்த மாசம் ஒரு திருத்தம் எழுதிடலாம்."

"உங்களுக்கு இப்பத்தான் தெரியுமா?"

"இந்த நிமிஷம்தான்."

"வெட்டின மிச்சத் தாளைப் பாக்கலாமா?"

"அதையெல்லாம் அன்னிக்கே குப்பையில போட்டாச்சுங்க."

நான் குற்றவாளிதான், ஆனால் காது கேட்கும் குற்றவாளி. "மேடம், அவர் போட மாட்டார். அன்னிக்கு எனக்கே பாடம் எடுத்தார். 'மிச்சத்தை எறியவே கூடாது தம்பி, விமானம் அடிபட்டா ஒட்டுப்போட அதே நிறம் வேணும், பல் அச்சு டப்பாவிலதான் போட்டு வெப்பேன்'னு."

நுணலும் தன் வாயால் கெடும். டாக்டர் பார்வை தானாகவே மேல் தட்டுக்குப் போனது. நான் எம்பி அந்த டப்பாவை இறக்கினேன். ஆறாவது தாளின் நகல், பாகமெல்லாம் வெட்டிய பின் வெறும் ஓட்டையாகச் சுருண்டு கிடந்தது. மூலை மட்டும் பத்திரமாக இருந்தது. மேடம் அளந்தார். நாற்பத்தெட்டரை மில்லிமீட்டர்.

அளந்தவர் ஸ்கேலை எடுக்காமல் அப்படியே குனிந்திருந்தார். கோட்டுக்குப் பக்கத்தில் பென்சிலில் யாரோ ஏற்கெனவே எழுதியிருந்தார்கள்: 48½.

மேஜைமேல் கிடந்த மருந்துச் சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதே எட்டு, இடுப்பு ஒடிந்த எட்டு.

"டாக்டர் கையெழுத்து யாருக்கும் புரியாதுன்னு சொல்லுவாங்க. இது நல்லாப் புரியுது."

டாக்டர் இடுக்கியைக் கீழே வைத்தார். 

"பத்திரிகை வந்து நாலு நாள் கழிச்சு ஒருத்தர் லெட்டர் போட்டார். தனக்கு அந்தக் கிட் பிரமாதமா உக்காந்துச்சுன்னு. அன்னிக்குத்தான் அளந்தேன்."

"அளந்துட்டு?"

"பதினெட்டு வருஷமா எழுதறேம்மா. ஒரு தடவைகூடத் திருத்தம் போட்டதில்ல. ஒரு மார்க்தானே, அடுத்த கிட்டுக்கு ரெண்டு சேத்துப் போட்டுச் சரிக்கட்டிடலாம்னு நினைச்சேன்."

"அந்த ஒரு மார்க்குக்காக ஒரு பொண்ணு துரோகின்னு பேர் வாங்கி வீட்டை விட்டுப் போயிட்டா. மூணு வாரமாச்சு."

"எந்தப் பொண்ணு?"

அவருக்கு உண்மையிலேயே தெரியாது. மேடம் சொல்லச் சொல்ல அவர் முகம் மாவுக்கட்டு மாதிரி வெளுத்தது. "ஐயையோ" என்றார். இரண்டாம் தடவையும் "ஐயையோ" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. நான் பேசாமல் இருந்தது அரை நாள், அவர் பேசாமல் இருந்தது பதினேழு நாள். அளவுதான் வித்தியாசம்.

மேடம் போனை அவர் பக்கம் தள்ளினார். அவர் அந்தச் சப்ளை கம்பெனிக்குப் பேசினார். முதல் வாக்கியத்திலேயே "தப்பு என்னோடது" என்றார், அதையும் சொல்லவேண்டும். அந்தப் பக்கம் சட்டென்று இளகவில்லை. அஞ்சு மணிக்குள் உடம்பும் மூக்கும் ஒரு இறக்கையும் பொருத்திக் கொண்டுவந்து கண்ணெதிரே காட்டினால் பார்க்கலாம் என்றார்கள். மணி இரண்டே முக்கால்.

டிசைனர் அம்மாள் வீட்டில் மேடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் சந்தோஷப்படவில்லை. பிளேடை எடுத்தார், கை நடுங்கியது, கீழே வைத்தார்.

"அவ அளந்தேன்னு சொன்னா. என் ஸ்கேல் இதே மேஜையிலதான் கிடந்துச்சு. ஒரு தாளை எடுத்து அளந்து பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்லீங்க." இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டார். "இந்தக் கையால இன்னிக்கு வெட்ட முடியாது. அவதான் வெட்டணும். எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நான் போய்க் கூப்பிடுவேன்?"

"வாலு போவான்" என்றார் மேடம், என்னைப் பார்க்காமலே.

வாசல்வரை வந்தார். நான் கேட்டுவிட்டேன். "நாளைக்கு வரட்டுமா, வேண்டாமா மேடம்?"

"அந்தக் கேட் ரிப்போர்ட்டைத் திருத்தி எழுது. நீயே கொண்டுபோய் அந்தப் பார்ட்டி கையில குடு. அவர் என்ன சொல்றாரோ அதைக் கேட்டுட்டு வா. அப்புறம் பேசலாம்."

விசிட்டிங் கார்டு கடையில் அவள் இன்னும் ஓரம் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை.

"காலையில எந்த மடையன்னு கேட்டீங்க. நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் பென்சிலில் எழுதிய நாற்பத்தெட்டரையையும் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"காலையில இங்க நின்னீங்களே. அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"நீங்க மெஷினைக் காட்டினப்போ தெரிஞ்சிடுச்சு."

"அப்ப ஏன் சொல்லல?"

"வேலை போயிடும்னு பயந்தேன்."

"எனக்குப் போச்சே" என்றாள்.

 ஜோக்குக்கும் சமாளிப்புக்கும் சம்பளம் வாங்குகிறவன், தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவள் ஏப்ரனைக் கழற்றினாள். பையை எடுத்தாள். அதற்குள் தன் ஸ்கேல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

"மன்னிச்சுட்டேன்னு நினைக்காதீங்க. உங்களையும் இல்ல, அவங்களையும் இல்ல. தாள் என்னோடது. அதுக்காக வர்றேன்."

வீட்டு வாசலில் அண்ணி நின்றிருந்தார். ஒதுங்கி வழிவிட்டார். அவள் செருப்பைக் கழற்றி, அது எப்போதும் இருக்கும் இடம் போல, அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அடுக்கியிருந்த பெட்டிகளில் ஒன்றைப் பிரித்து எட்டுத் தாளையும் மேஜையில் பரப்பினாள்.

சாயங்காலம் அந்த மூக்கு உடம்பில் சிக்கென்று உட்கார்ந்ததும், சப்ளை கம்பெனிக்காரர் இழுத்துப் பார்த்தும் அது வராததும், ஆர்டர் கிடைத்ததும், பல் டாக்டர் தன் முதல் திருத்தத்தை ஒரு முழுப் பக்கத்துக்கு எழுதியதும் அப்புறம் நடந்தவை. எனக்கு மறக்காதது மூன்றரை மணிக்கு அந்த மேஜையில் நடந்ததுதான்.

அவள் பிளேடை எடுக்கவில்லை. ஸ்கேலை எடுத்து அண்ணியிடம் நீட்டினாள்.

"அளங்க அண்ணி."

"நேரமில்லம்மா. டிக் இருக்கே. நீ அளந்திருக்கே. நீ சொன்னா சரிதான்."

"அதை அன்னிக்குச் சொல்லியிருக்கணும். இன்னிக்கு அளங்க."

டிசைனர் அம்மாள் ஸ்கேலை வாங்கினார். முதல் தாளின் மூலையில் வைத்துக் குனிந்தார். கண்ணில் நிறைந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"அம்பது" என்றார்.

அவள் அந்தத் தாளை எடுத்துவிட்டு அடுத்ததை நகர்த்தினாள்.

"அம்பது."

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. எட்டாவது தாள்வரைக்கும் அவர் அளந்தார், யாரும் அவரை நிறுத்தவில்லை.